சிவப்புப் பூ சொன்ன மோடம்

அம்மாவின் கணுக்கால் உடைந்ததற்குப் பத்துமலைக் குரங்குதான் காரணம் என்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். தேங்காய் மூடியைப் பிடுங்கக் குரங்கு வந்தது, பயந்துபோய் ஒரு படியைத் தவறவிட்டேன் என்று அம்மாவே எல்லோரிடமும் சொன்னாள். அங்கே ஒரு குரங்கு இருந்தது உண்மைதான். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கியது நான்.

அன்றைக்கு மலையேறியதே முருகனிடம் ஒரு வேண்டுதலுக்காக. என் தங்கை இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் தாதி. அவளுக்கு முதல் பிரசவம், அக்டோபரில். அம்மா போய்க் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவாகி, பாஸ்போர்ட் எடுத்து, கம்பளிச் சட்டை வாங்கி, பத்தியத்துக்கு வேண்டிய சுக்கு, மிளகு, ஓமம் எல்லாம் பொட்டலம் கட்டிப் பையில் அடுக்கியாயிற்று. அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. ரயில் பாதையைப் பார்த்த மாடி வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா ரவிக்கை தைப்பாள். நான் இடைநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

எனக்கு எதற்கு அவ்வளவு அவசரம் என்றால், இம்பி சாலையில் ஒரு கணினிக் கடை. கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு சேர்த்து இணையத்துக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கு மோடம் என்று பெயர். எங்கள் பழைய மோடம் ஜூலை மாத இடியில் கருகிவிட்டது. கோலாலம்பூர் இடியில் மோடம் கருகாத வீட்டை அந்த நாளில் நான் பார்த்ததில்லை. புதிதாக ஒரு ரகம் வந்திருக்கிறது, இரண்டுதான் மிச்சம், மதியத்துக்குள் வந்தால் கிடைக்கும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். "மெதுவா போடி, மெதுவா போடி" என்று அம்மா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவுதான்.

மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், மூன்று மாதத்துக்கு விமானம் என்ற பேச்சே கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா காலை முக்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு, பையைத் திறந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சமையலறை டப்பாக்களில் திரும்பக் கொட்டச் சொன்னாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். எனக்குச் சண்டை நன்றாக வரும். அவளோ குரங்கின்மேல் பழியைப் போட்டுவிட்டு ஓமத்தை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

அன்றுதான் வாக்குக் கொடுத்தேன். "பிள்ளை பொறந்த அன்னிக்கே உன் கண்ணுல காட்டுறேம்மா. போஸ்டுல வர்ற படத்துக்காகப் பத்து நாள் காத்திருக்க வேணாம்."

"எப்படிடி? நீ பறந்து போயி தூக்கிட்டு வருவியா?"

தங்கை வீட்டுக்காரர் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். குழந்தையின் படத்தை அன்றைக்கே இணையத்தில் ஒரு பக்கத்தில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். நம் வீட்டில் ஒரு மோடம் இருந்தால் போதும். இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "கலரா தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். அதன் பிறகு அவள் அந்தப் பையைக் கண்ணால் பார்க்கவில்லை. அக்டோபர் எப்போது வரும் என்று நாள்காட்டியைத்தான் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை இம்பி சாலைக்குப் போனேன். அந்த இரண்டு பெட்டிகளும் எப்போதோ விற்றுப்போயிருந்தன, புதிதாக வேறு வந்திருந்தன. கல்லாவுக்குப் பின்னால் நின்றது பூச்சோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு தம்பி. அந்தக் கடையில் தமிழ் பேசும் ஒரே ஆள்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இப்ப வாங்காதீங்க லா."

"ஏன்?"

"ரெண்டு கட்சி இருக்கு. பழைய மோடம் எல்லாம் முப்பத்து மூணு ஸ்பீட். இப்ப ஐம்பத்தாறு வந்திருக்கு. ஆனா இந்தக் கம்பெனி ஒரு மாதிரி பேசுது, அந்தக் கம்பெனி வேற மாதிரி பேசுது. நீங்க போன் பண்ற இண்டர்நெட்காரன் எந்தக் கட்சியோ, அந்தக் கட்சி மோடம் வச்சிருந்தாதான் ஐம்பத்தாறு ஓடும். இல்லாட்டி அதே முப்பத்து மூணுதான்."

"நம்ம இண்டர்நெட்காரன் எந்தக் கட்சி?"

"அவன் இன்னும் சொல்லல. சொல்றேன் சொல்றேன்னு மூணு மாசமா இழுக்கிறான்."

"எப்ப முடிவாகும்?"

"ஜெனிவாவுல மீட்டிங் போட்டு ரெண்டு கட்சிக்கும் பொதுவா ஒண்ணு எழுதறாங்களாம். அடுத்த வருஷம் வந்துரும். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

"பிள்ளை அக்டோபர்ல பொறக்குது தம்பி."

அவன் பார்வை அவனை அறியாமல் என் வயிற்றுப் பக்கம் இறங்கியது. "உங்களுக்கா டீச்சர்?"

"என் தங்கச்சிக்கு."

"அப்பன்னா பழைய முப்பத்து மூணையே வாங்கிட்டுப் போங்க. விலையும் கம்மி, எல்லாத்தோடயும் பேசும். சுசாவே இல்ல, ஒரு தொந்தரவும் வராது."

இப்போது யோசித்தால் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் யாராவது எனக்கு நல்லது சொன்னால் அதை உடனே கேட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. நான் பெண்பிள்ளை என்பதால் பழையதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று தோன்றியது. அம்மாவுக்குச் செய்த தப்புக்கு, கடையில் இருப்பதிலேயே வேகமான பெட்டியை வாங்கிவைத்தால்தான் என் மனம் ஆறும் போலிருந்தது. இரண்டு கட்சியின் விளம்பரத் தாள்களையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வாரம் அவற்றை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டேன். கணினிப் பத்திரிகைகள் வாங்கிப் படித்தேன். ஒரு பத்திரிகை இந்தக் கட்சி ஜெயிக்கும் என்றது, இன்னொன்று அந்தக் கட்சி என்றது. வெளியே, கடல்தாண்டி எரியும் காட்டுத்தீயின் புகைமூட்டம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிரே ரயில் பாதை தெரியவில்லை. பழைய ரயில் யார்டில் கட்டடத்துக்குத் தூண் இறக்கும் சத்தம் மட்டும் புகைக்குள்ளிருந்து கேட்டது. நான் மேசையில் தாள்களைப் பரப்பி, கோடு போட்டு, இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எழுதி எழுதிக் கிழித்தேன்.

அம்மா முக்காலியில் காலை நீட்டியபடி ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை மிதிக்க முடியாத நாட்களில் அவள் கை வேலையை விடவில்லை. "எதுக்கு இவ்வளவு யோசனை? பூப்போட்டுப் பாரு" என்றாள்.

"அம்மா, இது மோடம்."

"தெரியுது. உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப பூப்போட்டுத்தான் பார்த்தேன். நல்லாத்தானே இருக்கா? உனக்கு வந்த ரெண்டு இடத்துக்கும் பூப்போட்டுப் பார்க்க விடமாட்டேன்னு குதிச்ச. என்ன ஆச்சு?"

தாள்களை மடித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை அந்தியில், பக்கத்துக் கோயிலில், ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து மடித்து, முருகன் சந்நிதிக்கு முன்னால் வைத்தேன். வெள்ளை என்றால் இந்தக் கட்சி, சிவப்பு என்றால் அந்தக் கட்சி. யார் கண்ணிலாவது, முக்கியமாக என் பள்ளிக்கூடத்து ஆள் யார் கண்ணிலாவது பட்டுவிடக்கூடாது என்று தூணோடு தூணாக நின்றேன். கீழ்வீட்டு மூன்று வயதுக் குட்டிப்பெண்ணைத் தாய் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குட்டியிடம், "ஒண்ணு எடுடா" என்றேன். அவள் இரண்டையும் எடுத்தாள். ஒன்றைப் பிடுங்கினேன், அழுதாள். மறுபடி வைத்தோம். இந்த முறை ஒன்றை எடுத்து, நேரே வாயில் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் சிவப்பு.

மறுநாள் சிவப்புக் கட்சி மோடத்தை வாங்கினேன். பூச்சோங் தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டே, "எப்படி டீச்சர் முடிவு பண்ணீங்க?" என்றான்.

"கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்றேன்.

வீட்டில் மாட்டி, எண்ணைச் சுழற்றி, அது கீச்சென்று கத்தி, கரகரவென்று இரைந்து, அமைதியாகி, இணைந்தது. கணினியின் மூலையில் வேகம் தெரிந்தது: முப்பத்து மூன்று. சரி, இண்டர்நெட்காரன் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, நம் கட்சியில் சேர்ந்ததும் ஐம்பத்தாறு ஆகிவிடும் என்று பொறுத்துக்கொண்டேன். பொறுமை எனக்குப் பழக்கமில்லாத வேலை. தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஒருமுறை இணைத்துப் பார்ப்பேன். முப்பத்து மூன்று. இரண்டு வாரம் கழித்து அறிவிப்பு வந்தது. அவர்கள் வெள்ளைக் கட்சியில் சேர்ந்துவிட்டார்கள்.

நான் வீட்டுக்குள் நடந்த நடையில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே எட்டிப்பார்த்திருப்பார்கள். "உன் முருகன் கவுத்துட்டான் பாரும்மா" என்றேன்.

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "முருகன் என்னடி பண்ணுவான்? அவன் சரியாத்தான் சொன்னான். அந்த இண்டர்நெட்காரன் கேக்கல" என்றாள்.

இதன் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அடுத்த வருடம் ஜெனிவாக்காரர்கள் பொதுவாக ஒன்றை எழுதி முடித்தார்கள். இரண்டு கட்சியும் ஒன்றாயின. நான் வாங்கிய மோடத்துக்கு ஒரு நிரலை இறக்கி ஏற்றினால் போதும், புதிய முறைக்கு மாறிக்கொள்ளும் என்றார்கள், மாறிக்கொண்டது. என் பள்ளிக்கூடத்து அறிவியல் சார் வாங்கிவைத்திருந்த வெள்ளைக் கட்சி மோடத்துக்கு அந்த வசதி இல்லை, அதைத் தூக்கிப்போட்டுவிட்டார். அம்மா இதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் முருகன் படத்துக்கு ஒரு பூ வைத்தாள். அந்தப் பூவை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் அடுத்த வருடம். அக்டோபரில் எங்கள் வீட்டில் இருந்தது, ஐம்பத்தாறு என்று பெட்டியில் எழுதி முப்பத்து மூன்றில் ஓடும் ஒரு மோடம்.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு சட்டம். பூஜையில் வைத்த தொழில் சாமானை மறுநாள் விஜயதசமிக் காலைப் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அம்மா இதில் கல். ஒரு வருடம் கிள்ளானிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் தாய் பூஜை அன்றைக்கு ஓடிவந்தாள். மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், கூறைப்புடவை ரவிக்கை கைப்பக்கம் பிடிக்கிறது, இரண்டே தையல் பிரித்துப் போட்டால் போதும். வாசலில் நின்று அழுதாள். அம்மாவும் அழுதாள். ஆனால் மிஷினில் கை வைக்கவில்லை. அந்தப் பெண் ஊக்குக் குத்திக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள். அந்தக் குடும்பம் அதன் பிறகு எங்களிடம் தைக்கக் கொடுக்கவில்லை.

அந்த வருடமும் தையல் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம். கத்தரிக்கோல், அளவு நாடா, என் பாடப்புத்தகங்கள், சிவப்புப் பேனா எல்லாம் படத்துக்கு முன்னால் வந்தன. கணினி கனம் என்பதால் இருந்த இடத்திலேயே அதற்கு ஒரு பொட்டு. "அந்தப் பொட்டியையும் கொண்டா" என்றாள் அம்மா. மோடத்தின் கம்பிகளைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தேன். முன்பக்கத்தில் வரிசையாக ஏழு சின்ன விளக்குகள். அம்மா ஒன்று விடாமல் ஏழுக்கும் சந்தனம் வைத்தாள். சுண்டல் தாளித்தோம், கற்பூரம் காட்டினோம். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்பது எங்கள் கணக்கு.

சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தது அம்மா. இங்கிலாந்தில் அப்போது காலை.

"அம்மா, பொண்ணும்மா" என்று தங்கை சொன்னது ரிசீவரைத் தாண்டி எனக்கும் கேட்டது. "ராத்திரியே பொறந்துட்டா. நல்லா இருக்கேன். அவ அப்பா படத்தை ஏத்திட்டாரு. அக்காவை உடனே பார்க்கச் சொல்லு. அப்புறம் நீ எனக்கு போன் பண்ணி யார் மாதிரி இருக்கான்னு சொல்லணும். அதுக்காகத்தான் முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

அன்றைக்கு என்ன நாள் என்பதைத் தூரத்தில் இருந்த தங்கை மறந்துவிட்டாள். அம்மா, "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பூஜை இடத்தைப் பார்த்தாள். ஏழு சந்தனப் பொட்டோடு மோடம் உட்கார்ந்திருந்தது.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்த அன்றைக்கே காட்டுகிறேன் என்று சொன்னவள் நான். அப்படியே பாய்ந்துபோய்ப் பெட்டியை எடுத்துச் செருகியிருக்கவேண்டும், அதுதான் என் சுபாவம். ஆனால் பத்துமலைப் படியில் அவள் கையை இழுத்த என் கை அன்றைக்கு நகரவில்லை. இன்னொரு முறை அவளை அவசரப்படுத்த எனக்குத் தைரியம் இல்லை.

"நாளைக்குக் காலையில பூஜை முடிஞ்சதும் பார்க்கலாம்மா" என்றேன். "ஒரு ராத்திரிதானே."

அம்மா முக்காலியை இழுத்துக் காலைத் தூக்கிவைத்தாள். மாவுக்கட்டுப் பிரித்த கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அங்க ஆஸ்பத்திரியில தொப்புள் கொடி அறுத்தாங்களே," என்றாள் கடைசியில். "இன்னிக்கு சரஸ்வதி பூஜை, கத்தரிக்கோலைத் தொடமாட்டேன்னு டாக்டர் சொன்னானா?"

"அவன் வெள்ளைக்காரன்மா."

"பிள்ளை நம்ம பிள்ளைதானே." ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். கற்பூரம் ஏற்றினாள். "தாயே, மிஷினை நான் தொடல. கத்தரிக்கோலைத் தொடல. இந்தப் பொட்டியும் கம்ப்யூட்டரும் மட்டும், ஒரு பத்து நிமிஷம்" என்று சரஸ்வதியிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தக் கிள்ளான் அம்மாவை இனிமே எந்த மூஞ்சியோட பார்ப்பேன்? ரெண்டு தையல்தானே கேட்டுச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எடுடி. செருகு."

செருகினேன். சந்தனத்துக்குப் பின்னால் விளக்குகள் மஞ்சளாகக் கண் சிமிட்டின. கீச்சென்று கத்தி, இரைந்து, இணைந்தது. முப்பத்து மூன்று. தங்கை வீட்டுக்காரர் படத்தைச் சின்னதாக்கும் யோசனையே இல்லாமல் அப்படியே பெரிதாக ஏற்றியிருந்தார். பக்கம் திறந்தது. வெள்ளைத் திரையில் மேல் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்குக் கருப்பு.

"என்னடி அது?"

"முடி."

"இவ்வளவு முடியா?" அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையோடு ஒட்டி உட்கார்ந்தாள். ஒரு வரி இறங்கும், நிற்கும். இன்னொரு வரி இறங்கும். முடி முடிந்து நெற்றி தொடங்கியது. சுருங்கிய, சிவந்த நெற்றி. புருவம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மூடிய கண் இரண்டும் வந்தன. மூக்கின் மேல்பாகம் வந்தது. அத்தோடு நின்றது. மோடத்தின் விளக்குகள் அணைந்தன, தொலைபேசி அடித்தது.

கிள்ளான் அத்தை. அப்பாவின் அக்கா. தினமும் ஆறு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டு அன்றைய சேதியைக் கேட்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. லைனில் ஆள் பேசும்போது இன்னொரு அழைப்பு வந்தால் டிக் டிக் என்று குறுக்கே கேட்கும் வசதியை நாங்கள் போட்டிருந்தோம். அந்த டிக் டிக் மோடத்தைக் கொன்றுவிடும்.

"என்னாடி, பூஜையெல்லாம் ஆச்சா? என்ன சுண்டல்?"

"அத்தை, பிள்ளை மூக்கு வரைக்கும்தான் வந்திருக்கு. போனை வைங்க."

அத்தை அலறினார். "மூக்கு வரைக்குமா? ஐயோ முருகா. அப்புறம் டாக்டர் என்னதான் பண்றான்?"

அவருக்கு முழுவதையும் விளக்கி, பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது, கம்ப்யூட்டரில்தான் பாதி என்று புரியவைத்து, இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் கிள்ளானிலிருந்து யாரும் எங்களைக் கூப்பிடக்கூடாது என்று சத்தியம் வாங்கி வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. திரும்பினால், அம்மா அசையவே இல்லை. பாதிப் படத்தின் முன்னால், கன்னத்தில் கை வைத்து, அந்த மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி இணைத்தேன். பக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. திரையில் இருந்த பாதி முகமும் போய், ஒரு விரல் அகலத்துக்கு முடி. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மேசையைத் தட்டினேன். "வெள்ளைப் பூ கட்சியை வாங்கியிருந்தா இந்நேரம் முழுசா வந்திருக்கும். அந்தத் தம்பி பேச்சைக் கேட்டு விலை கம்மியா இருந்ததை வாங்கியிருந்தாலும் இதே வேகம்தான். ரெண்டும் இல்லாம நான் ஒரு..."

"சும்மா இரு."

"இல்லம்மா, இவ்வளவு மெதுவா..."

"மெதுவா வரட்டும்டி." அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல்ல முடி. அப்புறம் நெத்தி. அப்புறம் கண்ணு. பிரசவத்துல பிள்ளை இப்படித்தான் வரும். பக்கத்துல நின்னு பார்க்கணும்னுதானே பையைக் கட்டினேன். இப்பப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அவசரப்படுத்தாத."

மேசையிலிருந்து கையை எடுத்தேன். அவள் தோள் பக்கத்தில் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். கண் வந்தது, மூக்கு முழுதாக வந்தது, கன்னம் இரண்டும் வந்தன. ஒவ்வொரு வரிக்கும் அம்மாவின் மூச்சு நின்று நின்று வந்தது. ஒரு இடத்தில், "ம், வா, வா" என்று மெல்லச் சொன்னாள். தங்கையிடம் சொல்லவேண்டியதைத் திரையிடம் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. உதடு வந்தது. முகவாய் வந்தது. கடைசியாக வெள்ளைத் துணிக்குள்ளிருந்து வெளியே நீட்டிய ஒரு சின்னக் கை, ஐந்து விரலும் மடக்கியபடி. பிறகு மேற்கொண்டு வருவதற்கு ஒன்றுமில்லை.

அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தரம் பார்த்தாள்.

"யார் மாதிரிம்மா இருக்கா? தங்கச்சி கேட்டாளே. என்ன சொல்லட்டும்?"

"அசல் குரங்கு" என்றாள் அம்மா, அவ்வளவு ஆசையாக.

எனக்கு எங்கிருந்தோ அழுகை வந்தது. இரண்டு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட நினைத்தேன். "அம்மா, பத்துமலையில அன்னிக்கு..."

அவள் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. சந்தனம் காய்ந்த விரல்கள். "போற வர்றவங்ககிட்ட எல்லாம் அந்தக் குரங்கை எவ்வளவு திட்டியிருப்பேன்," என்றாள். "பாவம். இனிமே திட்டமாட்டேன்."

பிறகு மோடத்தைக் கழற்றச் சொன்னாள். பத்து நிமிஷம் என்று கேட்டது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் அதைக் கொண்டுபோய்க் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே வைத்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்து, உதிர்ந்துபோன இரண்டு பொட்டுகளை மறுபடி வைத்துவிட்டு, தங்கைக்கு எண்ணைச் சுழற்றச் சொன்னாள்.